திருத்தம் ஏதுமில்லை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு அண்ணன் இருந்தானாம். அவனுக்கு ஒரே ஒரு தங்கச்சியாம். அந்த வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வந்ததாம், அதோடு அண்ணன் தங்கச்சி உறவு போச்சாம். இப்படித்தான் தம்பி இந்தத் தெருவில் கதை ஓடுகிறது. நீங்கள் இந்தப் பிரிண்டரை வாங்க ஆலங்குளத்திலிருந்து வந்து முனை டீக்கடையில் வழி கேட்டிருப்பீர்கள். டீயோடு சேர்த்துப் பாதிக் கதையையும் ஆற்றிக் கொடுத்திருப்பார்கள். மீதியை நான் சொல்கிறேன், உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். கட்டிலிலேயே உட்காருங்கள்.

மிஷினில் ஒரு குறையும் கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறை இருந்தால் மறைத்து விற்கிற ஆள் நான் இல்லை. நான் பால் சொசைட்டியில் டெஸ்ட் எடுப்பவன். கோமதிநாயகம் என்று பேர் சொன்னால் தென்காசியைச் சுற்றி மாடு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், பாதிப் பேருக்குப் பிடிக்காது. தண்ணீர் கலந்த பாலைக் கொண்டுவந்து வைத்தால் சொந்த மாமனாக இருந்தாலும் கேனைத் திருப்பி அனுப்பிவிடுவேன். பாலில் தண்ணீர் கலந்தால் கண்டுபிடிக்கிறவனுக்கு, முகத்தில் மாவு கலந்தால் பொறுக்குமா? அதுதான் தம்பி, எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

என் தங்கச்சி பேர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பேர். வீட்டில் குழலி. அப்பா போனபிறகு நான்தான் அவளுக்கு எல்லாம். ஜாக்கெட் தைப்பாள். இந்த ஜன்னல் பக்கம்தான் அவள் தையல் மிஷின் கிடக்கும். நிறம் நம்ம நிறம்தான், கொஞ்சம் கூடுதலாகவே கறுப்பு. அதில் என்ன இருக்கிறது? எனக்கு ஒன்றும் இல்லை. நான் அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை, வேண்டுமானால் அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது ஜாதகத்தோடு கொடுக்க ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். படம் வந்தது. அதில் குழலி இல்லை. இடியாப்ப மாவில் பிடித்துவைத்த மாதிரி வேறொரு பெண் இருந்தாள். சரி, ஊர் வழக்கம்தானே என்று அம்மா வாயை அடைத்தாள். நானும் விட்டுவிட்டேன். அந்தப் படத்தை நம்பி சுரண்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. குழலி காபித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா இவளைப் பார்த்தாள், உள்ளே எட்டிப் பார்த்தாள், திரும்ப இவளைப் பார்த்தாள்.

"போட்டோல இருந்த பிள்ள எங்க? இது மூத்தவளா?"

தட்டில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணு என்றன. குழலி காபியை எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது தம்பி. அன்றைக்கே முடிவெடுத்தேன். இனிமேல் இந்த வீட்டிலிருந்து ஒரு படம் வெளியே போனால் அது அசலாகத்தான் போகும், எந்தப் பயலும் வந்து எங்கே அந்தப் பிள்ளை என்று கேட்கக் கூடாது. கேமரா என்னிடம் இருந்தது. பிரிண்டர் வாங்கினேன். இதே மிஷின்.

வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். உங்களைப் போலத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். முதல் படத்தில் குழலி சூளையில் வெந்த செங்கல் மாதிரி வந்தாள். சிவப்பைக் குறைத்தேன், குளத்துப் பாசி மாதிரி ஆனாள். பச்சையைக் குறைத்தேன், நாவல்பழம் தின்ற நாக்கு நிறத்துக்குப் போய்விட்டாள். அம்மா தினமும் சாப்பாடு போடும்போது கேட்பாள், "இன்னைக்கு என்ன கலர்டா உன் தங்கச்சி?" குழலி சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு நானே படித்துப் பார்த்து, வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு பேப்பரும் மையை ஒவ்வொரு மாதிரி குடிக்கும். மிஷினுக்கு அது தெரியாது. இந்தப் பேப்பரில், இந்த மையில், நீ சிவப்பு என்று நினைத்துத் தெளிப்பது உண்மையில் என்ன சிவப்பாக விழுகிறது பார் என்று நாம் அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அப்படிக் காட்டிக்கொடுக்கிற கோப்புக்குத்தான் கலர் புரொஃபைல் என்று பேர். கம்பெனிக்காரன் பொதுவாக ஒன்று தருவான், அது ரெடிமேட் சட்டை. நம் உடம்புக்கு நாம்தான் அளவெடுத்துத் தைக்க வேண்டும்.

அதற்கு நிறத்தை அளக்கிற மீட்டர் ஒன்று வேண்டும். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும், விலை கேட்டால் மயக்கம் வரும். மதுரையில் ஆல்பம் லேப் வைத்திருக்கிற என் கூட்டாளி ஜெயசீலன் அதை இரவல் கொடுத்தான். "தங்கச்சி கல்யாணத்துக்கு எல்லாரும் நகை வாங்க அலைவான், நீ என்னடா இதுக்கு அலையுத" என்று கேலி செய்துதான் கொடுத்தான். நிறநிறமாய்க் கட்டம் போட்ட சார்ட்டை அச்சடித்து, ஒரு நாள் காயவிட்டு, வரிசை வரிசையாக மீட்டரை இழுக்க வேண்டும். என் கை வரிசை தாண்டிவிடும். குழலி ஜாக்கெட் தைக்கிற கை, ஸ்கேல் வைத்தது மாதிரி இழுப்பாள். இழுக்கிறதுதானே, அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

அப்படியும் படம் சரியாக வரவில்லை. அவள்தான் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், நீயும் திருத்துகிறாய், மிஷினும் அது பாட்டுக்குத் திருத்துகிறது, ஒரு குழம்புக்கு ரெண்டு பேர் உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியுமா என்று. பார்த்தால் மிஷினுக்குள் இருக்கிற திருத்தத்தை நான் அணைக்காமல் விட்டிருக்கிறேன். நானே அடுத்து அதைத்தான் பார்க்கப் போயிருப்பேன். அவள் முந்திக்கொண்டாள்.

அணைத்தபிறகு ஓரளவு வந்தது. ஓரளவுதான். ஓரளவு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மீட்டர் சரி என்று சொன்னாலும் கண் சரி என்று சொல்ல வேண்டாமா? அதற்கு அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது. நேர்வெயில் விழாது, வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். அதனால் தையல் மிஷினை எடுத்துப் பின்கட்டில் போட்டுவிட்டு இங்கே ஒரு ஸ்டூல் போட்டேன். பின்கட்டில் பகலிலும் லைட் போட வேண்டும், அது கொஞ்ச நாளைக்குத்தானே. ஞாயிறு தவறாமல் முகத்தைக் கழுவச் சொல்லி, பவுடர், மை, பொட்டு ஒன்றும் இல்லாமல் உட்கார வைப்பேன். இதோ இந்தச் சாம்பல் நிற அட்டை இருக்கிறதே, இதை நாடிக்குக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். மற்ற நிறமெல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று கேமராவுக்கு இதுதான் சாட்சி. படம் எடுத்து, அடித்து, காயவிட்டு, அடுத்த ஞாயிறு கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சரியில்லை என்றால் திரும்ப உட்கார வேண்டும்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்தான். பார்க்கட்டுமே. களவா செய்கிறோம்?

ஒரு ஞாயிறு கேட்டாள், "எத்தன நாளைக்குண்ணே என் மூஞ்சியப் பால் மாதிரி டெஸ்ட் எடுப்ப?" நல்ல வேடிக்கையாகப் பேசுவாள் என் தங்கச்சி. நான் சொசைட்டியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

ஐப்பசி மழையில் வெளிச்சம் கெட்டது, கார்த்திகையும் போயிற்று. மார்கழியில் ஒரு ஞாயிறு, படத்தைக் கன்னத்தோடு வைக்கிறேன், எது படம் எது கன்னம் என்று தெரியவில்லை. நெற்றியில் ஒரு நிறம், மூக்குக்குப் பக்கத்தில் ஒரு நிறம், கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கூடுதல் கறுப்பு, அத்தனையும் அப்படியே. அந்தப் புரொஃபைலுக்குக் 'குழலி' என்றே பேர் வைத்தேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். நல்லாயிருக்கா என்று கேட்டேன். "நான்தான்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். பாராட்டத் தெரியாத பிள்ளை.

சரி, படம் தயார். ஆனால் வாங்குகிறவனுக்கு அது அசல் என்று எப்படித் தெரியும்? பாலுக்குச் சீட்டு கொடுக்கிறோம் இல்லையா, அது மாதிரி ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நீல மையில் எழுதினேன்: 'இதுவே பெண்ணின் அசல் நிறம். திருத்தம் ஏதுமில்லை.' கீழே என் கையெழுத்து. ஜாதகத்தோடு தரகர் சங்கரலிங்கத்திடம் கொடுத்து அனுப்பினேன். அம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். அவளுக்கு என்ன தெரியும்?

போன ஜாதகம் எல்லாம் திரும்பி வந்தது. தையில் வந்தது, மாசியில் வந்தது. பொருத்தம் இல்லை என்றார்கள், வேறு இடம் அமைந்துவிட்டது என்றார்கள். ஒருநாள் சங்கரலிங்கம் இங்கே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நாயகம், தப்பா நினைக்காதீரு. கறுப்புப் பிள்ளைக்கும் மாப்பிள்ள உண்டு, நான் எத்தனையோ முடிச்சிருக்கேன். பின்னால எழுதியிருக்கீரே, அதப் பாத்துதான் ஓடுதானுவ. பிள்ளைக்கு என்னமோ தோல் வியாதி, அதான் அண்ணங்காரன் முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டான்னு பேசுதாவ."

பார்த்தீர்களா உலகத்தை? மாவு பூசிக் கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொள்கிறான். உண்மை என்று எழுதிக் கொடுத்தால் வியாதி என்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த தடவை தேதியும் சேர்த்து எழுதினேன். படத்தின் அடியில் சாம்பலிலிருந்து கறுப்பு வரைக்கும் சின்னச் சின்னக் கட்டம் போட்டு ஒரு பட்டையும் அடித்தேன், சந்தேகம் இருக்கிறவன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. சங்கரலிங்கம் அதற்கப்புறம் இந்தத் தெருப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். கோழை.

அந்தச் சமயத்தில் குழலி ஒருதடவை கேட்டாள், பின்னால் எழுதாமல் கொடுத்தால் என்ன என்று. நான் சொன்னேன், ஏட்டி, உனக்காகத்தானே இத்தனையும் என்று. அவள் கையில் ஊசி இருந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "எனக்காகன்னா விட்டுருண்ணே" என்றாள். சலிப்பு, வேறென்ன. எனக்கு மட்டும் சலிப்பு இல்லையா?

கடைசியில் புளியங்குடியிலிருந்து ஒரு இடம் வந்தது. எலுமிச்சை வியாபாரம். மாப்பிள்ளை பேர் ஆவுடையப்பன். அவருடைய அம்மா வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னாள், "நாங்க போட்டோவப் பாத்து வரல, ஜாக்கெட்டப் பாத்து வந்தோம். என் நாத்தனாருக்கு உங்க பிள்ள தச்சுக் குடுத்தது, உடம்புல போட்டா கழட்ட மனசு வரல." சும்மா மரியாதைக்குச் சொல்கிறது. படம் என் கைவழியாகப் போயிருந்தது, பார்க்காமலா வந்திருப்பார்கள்?

அவர்களைச் சாயங்காலம் வரவேண்டாம், காலையில் வாருங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். வெளிச்சத்துக்காக. குழலி காபி கொடுத்து முடித்ததும் அவளை இந்த ஜன்னல் பக்கம் நிறுத்தினேன். படத்தை எடுத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். எல்லாரும் கிட்டே வந்து பாருங்கள் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். குனிந்தால் நெற்றியின் நிழல் விழுந்துவிடும், ஒப்பிட முடியாது. அதனால் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். பாருங்கள், இம்மி பிசகாது என்று சொன்னேன். யாரும் கிட்டே வரவில்லை.

"போதும் தம்பி," என்றாள் அந்த அம்மாள். "கைய எடுங்க."

ஆவுடையப்பன் எழுந்து வந்தார். சரி, பார்க்கத்தான் வருகிறார் என்று படத்தை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ஜன்னலைச் சாத்தினார். "வெயில் கண்ணுல அடிக்கி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வடக்கு ஜன்னலில் எப்படித் தம்பி வெயில் அடிக்கும்? அதற்காகத்தானே இந்த ஜன்னலையே தேர்ந்தெடுத்தேன். வியாபாரி, அவ்வளவுதான் விவரம். ஆனால் குழலி அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி ஒரு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

கல்யாணம் முடிந்தது. நான் சொன்னேனே, அசல் படம் கொடுத்தால் அசலான இடம் அமையும் என்று. ஊரில் ஒருத்தனாவது அதை ஒத்துக்கொண்டானா?

கல்யாண ஆல்பத்தை நானே அடித்துத் தருகிறேன் என்றேன். குழலி வேண்டாம் என்றுவிட்டாள், மாப்பிள்ளை வீட்டில் ஆள் வைத்திருக்கிறார்களாம். சரி என்று விட்டேன். ஆடிச் சீர் கொண்டு புளியங்குடிக்குப் போனேன். கூடத்துச் சுவரில் பார்க்கிறேன், கதவு அகலத்துக்கு ஒரு படம். பழைய மாவு. அதைவிடக் கூடுதல். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை இவள் காதில் ஏதோ சொல்கிறார், இவள் பல் அத்தனையும் தெரிய, கண் இரண்டும் இடுங்கிப்போய், தலை ஒரு பக்கம் சரிய... படம் எடுக்கிற முறையா அது? எவ்வளவு மெனக்கெட்டேன் தம்பி. எத்தனை ஞாயிறு. அத்தனைக்கும் மேலே எவனோ ஒருத்தன் ஒரு வாளிச் சுண்ணாம்பை ஊற்றியிருக்கிறான், அதை இவள் நடுக்கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறாள்.

நான் சண்டை போடவில்லை. சத்தமாகப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மார்கழியில் எடுத்த அந்த அசல் படத்தைக் கண்ணாடி போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் படத்தைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, அதே ஆணியில் அதை மாட்டினேன். குழலி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, என் படத்தைக் கழற்றி, துணியால் துடைத்து, என் கையில் கொடுத்தாள். பழையபடி அவர்கள் படத்தை மாட்டினாள். கோணல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"அண்ணே, இது என் வீடு."

அவ்வளவுதான் தம்பி. ஒரு பொய்ப் படத்துக்காகக் கூடப்பிறந்தவனை வெளியே போ என்கிறாள். நான் வாரம் தவறாமல் போன் போடுகிறேன். மாப்பிள்ளைதான் எடுப்பார். குளிக்கிறாள் என்பார், தூங்குகிறாள் என்பார்.

இப்போது முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? வளைகாப்பு முடிந்து கூட்டிவர கார் பிடித்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றுவிட்டாள். நம் வீட்டில் மை வாசம் அடிக்கிறதாம், குமட்டுகிறதாம். அம்மாதான் அங்கே போய் இருக்கிறாள். இந்த மையை முகர்ந்து பாருங்கள். பாருங்கள் தம்பி. ஏதாவது வாசம் வருகிறதா? இல்லை அல்லவா? எனக்கும் தெரியும். ஆனாலும் வயிற்றுப்பிள்ளைக்காரி சொன்னால் கேட்கத்தானே வேண்டும். அம்மா போனில் சொன்னாள், அந்த மிஷினை வெளியே அனுப்பு, அப்புறம் நான் பேசிப் பார்க்கிறேன் என்று. அதற்காகத்தான் விற்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. அவள் வந்து இறங்குகிறபோது இந்த மேஜை காலியாக இருக்க வேண்டும்.

ஒரு பிரிண்ட் எடுத்துக் காட்டவா? காசு கொடுத்து வாங்குகிறவர், பார்த்துத்தான் வாங்க வேண்டும். இருங்கள்... இதோ வருகிறது. இதுதான் குழலி. ம். சிவப்பு தூக்கலாக இருக்கிறது பார்த்தீர்களா? இது மிஷின் குற்றம் இல்லை. அந்தப் புரொஃபைலைக் காணவில்லை. மறுவீட்டுக்கு வந்தபோது குழலி இந்தக் கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், யாருக்கோ படம் அனுப்ப வேண்டும் என்று. அதுவரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு தேடினால் இல்லை. நகலும் இல்லை, பென்டிரைவில் போட்டுவைத்ததும் இல்லை. கம்ப்யூட்டர் தானாக ஏதோ அப்டேட் ஆகும், அதில் போயிருக்கும். திரும்பச் செய்துவிடலாம், ஜெயசீலன் மீட்டர் தருவான், ஆனால் கடைசியில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முகம் வேண்டுமே.

என்ன சொன்னீர்கள்? நன்றாகத்தானே இருக்கிறது என்றா? வித்தியாசமே தெரியவில்லையா உங்களுக்கு? பாஸ்போர்ட் படக் கடை போடப் போகிறவர் நீங்கள்!

என்ன? எதில்? இதிலா? சுவரில் ஒட்டியிருக்கிற எல்லாப் படத்திலுமா? ஓ, அதைக் கேட்கிறீர்களா. ஏன் சிரிக்கவில்லை என்றால்... நான்தான் சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். சிரித்தால் கன்னம் மேலே ஏறும், கண்ணுக்குக் கீழே நிழல் விழும், நிறம் தப்பாகிவிடும். முதலில் ரெண்டு மூன்று தடவை சிரித்துக் கெடுத்தாள். அதட்டினேன். பிறகு பழகிவிட்டாள். நான் சொல்லாமலேயே அப்படி உட்கார்ந்துவிடுவாள்.

எழுந்துவிட்டீர்களா? சரி, ரெண்டு பேருமாகத் தூக்குவோம், படுக்கை வாக்கில் பிடியுங்கள், சாய்த்தால் மை சிந்தும். பைக்கில் கட்டக் கயிறு இருக்கிறதா? பேப்பர், பாட்டில் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாம்பல் அட்டையை மட்டும் வைத்துவிடுங்கள், அது கணக்கில் இல்லை. பிள்ளை பிறந்ததும் ஊர் என்ன கேட்கும்? ஆணா பெண்ணா என்று கேட்கும். அடுத்த கேள்வி என்ன கலர் என்றுதான் கேட்கும். அம்மையைக் கொண்டிருக்கிறதா, அப்பனைக் கொண்டிருக்கிறதா என்று ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் இந்த ஜன்னல் பக்கம் ஒரு ஐந்து நிமிடம் படுக்கப்போட்டு, அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துவிட்டேன் என்றால் பேச்சுக்கே இடம் இல்லை. பிரிண்டருக்கு என்ன, வேறு வாங்கிக்கொள்ளலாம். வந்து இறங்குகிற அன்றைக்கு மேஜை காலியாக இருந்தால் போதும்.

ஏன் தம்பி, ஒற்றை ஆளாகவே மிஷினைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்? படி உயரம், பார்த்து. இன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டு மிஷின் போய்விட்டது என்று சொல்லிவிடுகிறேன். தம்பி, அந்தப் படத்தை ஏன் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறீர்கள்? மை இன்னும் காயவில்லை. முகம் ஒட்டிக்கொள்ளும் தம்பி. தம்பி...